ஆய்விதழ்க் கட்டுரைக்குப் பணம் கட்டும் முன்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால், பதிப்பகத்தின் இணையதளம் பல நேரங்களில் முப்பது, நாற்பது டாலர் கேட்கும். நெறியாளர் வைத்த கெடுவுக்குப் பயந்து, ஏறக்குறைய மூவாயிரம் ரூபாயைக் கைப்பணத்திலிருந்து கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் கட்டுரையைக் கைவிட்டு, சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வேட்டில் மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். இதுவே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பது என் கருத்து. எந்த முறையில், எத்தனை பேரிடம் தரவு திரட்டப்பட்டது என்பதைப் பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்தாண்டால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. அந்தப் பக்கம் கேட்கும் விலையே கடைசி வழி என்று நம்பிவிடுவதால்தான் இரண்டு தவறுகளும் நேர்கின்றன.

தன் கல்வி நிறுவனத்துக்கு எந்த இதழ்களுக்குச் சந்தா இருக்கிறது என்பதை விசாரிக்காமலே படிப்பை முடித்துவிடுவது மிகப் பரவலான தவறு. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் தனிக் கட்டணம் இன்றிப் படிக்கலாம். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு என ஆய்வு மாணவர்கள் அடிக்கடி தேடும் பெயர்கள் பலவும் இதில் அடங்கும். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதனை ஒருங்கிணைக்கிறது. ஆனால் கல்லூரி தன் பெயரைப் பதிவு செய்து, பொறுப்பு அலுவலரை நியமித்திருந்தால்தான் இந்த வசதி மாணவரின் கைக்கு வந்துசேரும். மாவட்டத் தலைநகரிலுள்ள ஓர் அரசுக் கலைக் கல்லூரி மாணவரும் நூலகரிடம் சென்று, “நம் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, எனக்கு உள்நுழைவுக் கணக்கு உண்டா?” என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது, வீட்டிலிருந்து தேடும்போது நேர்வது. கல்லூரி வளாகத்தின் இணைய இணைப்பைப் பதிப்பகத்தின் தளம் தானாக அடையாளம் கண்டுகொள்ளும். விடுதியிலோ வீட்டிலோ கைபேசி இணைப்பில் தேடினால் அது உங்களை முன்பின் தெரியாத வாசகராகவே நடத்தும். சந்தா இருந்தும் பணம் கேட்பது இதனால்தான். பெரும்பாலான பதிப்பகங்களின் கட்டுரைப் பக்கத்தில் ‘நிறுவனம் வழியாக உள்நுழைக’ என்ற பொருளில் ஒரு சிறிய இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, கல்வி நிறுவனங்களுக்கான பொது உள்நுழைவு வசதியான இன்ஃபெட் போன்ற கூட்டமைப்பின் பட்டியலில் உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் அதே பக்கத்தில் கட்டுரை திறக்கும்.

தனியார், சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்வி பெறுபவர்களில் பெரும் பகுதியினர் இத்தகைய கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள் என்பதால் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை. ஆனாலும் ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று ஒதுங்கிவிடக் கூடாது. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட்டிலோ, நூலகங்களுக்கிடையே கட்டுரைகளையும் நூல்களையும் பகிரும் டெல்நெட்டிலோ உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று கேளுங்கள். பல்கலைக்கழக நூலகங்கள் சில, வெளியாரையும் அறிமுகக் கடிதத்தின் பேரில் வளாகத்துக்குள் அமர்ந்து படிக்க அனுமதிப்பதுண்டு; புறப்படுமுன் தொலைபேசியில் விதிமுறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த நிறுவனத்தையும் சாராதவர்கள்கூட, ஆய்விதழ்களின் மின்னூலகமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்குத் தொடங்கி மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். வரலாறு, இலக்கியம், சமூகவியல் துறையினருக்கு இது பெரும் உதவி.

சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படியைத் தேடாமல் விடுவதும் தவறுதான். கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பின் வலப்புறம் பிடிஎஃப் இணைப்பு இல்லையென்றால், கீழே உள்ள ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதைத் திறந்து பாருங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ, இதழில் வெளியாகும் முன்பே ஆசிரியர்கள் தங்கள் முன்வரைவைப் பகிரும், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்திலோ அது இருக்கக்கூடும். உலாவியில் அன்பேவால் (Unpaywall) என்ற இலவச நீட்சியை நிறுவினால் இத்தேடலை அதுவே செய்யும். மருத்துவத் துறையினர், முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் எழுதப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் இதழ்களால் ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியாகும் நாளிலேயே அங்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: முன்வரைவில் உள்ள எண்களும் பக்கங்களும் இறுதிப் பதிப்பில் மாறியிருக்கலாம் என்பதால், எந்தப் படியைப் படித்தீர்களோ அதையே மேற்கோளில் குறிப்பிடுங்கள்.

கணக்கு கிடைத்த உற்சாகத்தில் ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் மென்பொருள் கொண்டு ஒரே இரவில் பதிவிறக்குவதும், கடவுச்சொல்லை நண்பர்கள் குழுவில் பகிர்வதும் ஒப்பந்த மீறல்கள். பதிப்பகம் இதைக் கண்டறிந்தால், செய்தவரை மட்டுமல்லாமல் வளாகம் முழுவதையுமே துண்டித்துவிடலாம். அப்போது தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் கதவு அடைபடும்.

எந்த வழியிலும் கிடைக்காத கட்டுரைக்கு, அதை எழுதியவரிடமே கேட்கலாம். தயக்கத்தால் பலரும் இதைச் செய்வதில்லை. அந்த நாற்பது டாலரில் பொதுவாக ஆசிரியருக்கு ஒரு பங்கும் போவதில்லை. தனிப்பட்ட முறையில் கேட்கும் ஆய்வாளருக்கு ஒரு படி அனுப்பப் பல பதிப்பகங்கள் ஆசிரியரை அனுமதிக்கின்றன. தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி பல இதழ்களில் சுருக்கம் உள்ள பக்கத்திலேயே இருக்கும். ‘உங்கள் கட்டுரைகளை எல்லாம் அனுப்புங்கள்’ என்று எழுதாமல், கட்டுரையின் தலைப்பு, அதன் டிஓஐ (DOI) என்ற அடையாள எண், உங்கள் ஆய்வுத் தலைப்பு, அதில் இக்கட்டுரை பயன்படும் இடம் ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் எழுதி, முடிந்தால் நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அவரது பழைய முகவரி மாறியிருக்கலாம்; இணையாசிரியர்களில் இன்னொருவருக்கு அதே கடிதத்தை அனுப்பிப் பாருங்கள்.