சிறுகதையைக் கூர்ந்து படிப்பது எப்படி? தொடக்கநிலை வாசகர்களுக்கான செய்முறை விளக்கம்

சிறுகதை ஒன்றைப் படித்து முடித்ததும் "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வராமல் திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதைப்பின்னல், நோக்குநிலை, முரண்நகை போன்ற கலைச்சொற்களை மனப்பாடம் செய்வதால் பெரும் பயன் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கதையிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டால்தான் அது கைக்கு உதவும். கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு குறுங்கதையை எழுதி வைத்திருக்கிறேன்:

வீடு கைமாறுவதற்கு முந்தைய மாலை. அண்ணனும் தங்கையும் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதவு நிலையில், அப்பா ஆண்டுதோறும் அவர்களின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் தெரிகின்றன. அண்ணனின் கோடுகள் 16 வயது வரை ஏறுகின்றன. தங்கையின் கோடுகள் 9 வயதோடு நின்றுவிடுகின்றன. "உன்னை ஓர் இடத்தில் நிற்க வைக்கவே முடியாது" என்று அண்ணன் சிரிக்கிறான். தங்கை ஒரு பென்சிலைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டுகிறாள். பிறகு நிலையோடு முதுகை ஒட்டி, அசையாமல் நிற்கிறாள்.

படி 1: ஒரே அமர்வில் படியுங்கள்

சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகவும், முழுவதும் ஒரே விளைவை நோக்கிச் செல்வதாகவும் இருக்கவேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். ஆகவே முதல் வாசிப்பில் அடிக்கோடிட வேண்டாம், நடுவில் எழுந்து செல்லவும் வேண்டாம். முடித்தவுடன் மனத்தில் தங்கிய உணர்வை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பின்வரும் படிகள் எல்லாம் அந்த உணர்வு எப்படி உண்டானது என்று தேடுபவைதாம்.

படி 2: நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் எழுதுங்கள்

மேலே உள்ள கதையைக் கால வரிசையில் எழுதினால், அப்பா கோடு போடத் தொடங்கியது முதலில் வரும். தங்கையை அளப்பது நின்றுபோனது அடுத்து வரும். வீடு கைமாறுவது கடைசியில் வரும். கதையோ அந்தக் கடைசியிலிருந்து தொடங்குகிறது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது கதை என்றும், காரண காரியத் தொடர்போடு அமைவது கதைப்பின்னல் என்றும் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பிரித்துக் காட்டினார். "ஏன் இந்த இடத்தில் தொடங்கினார்?" என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி. வீடு மறுநாள் கைவிட்டுப் போகும் என்பதால்தான் அந்தக் கோடுகளுக்கு அன்று மாலை அவ்வளவு கனம் கூடுகிறது.

அடுத்து, சிக்கல் எது, உச்சம் எது என்று பாருங்கள். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்ற ஐந்து பகுதி வரைபடத்தைப் பல பாடநூல்களில் காணலாம். அது ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரெய்டாக் 1863இல் நாடகத்தை மனத்தில் கொண்டு வகுத்தது. எல்லாச் சிறுகதைகளையும் அதற்குள் திணிக்க முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து. நம் கதை உச்சத்திலேயே முடிந்துவிடுகிறது. இறக்கத்தை வாசகர்தான் தம் மனத்தில் நடத்திக்கொள்ள வேண்டும்.

படி 3: மாந்தரையும் களத்தையும் குறியுங்கள்

கதைமாந்தர் என்ன விரும்புகிறார், அவரிடம் மாற்றம் ஏதும் நிகழ்கிறதா என்று பாருங்கள். களம் என்பது இடமும் காலமும் சேர்ந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று சொல்வதை நினைவில் வைத்திருந்தால் இது மறக்காது.

படி 4: சொல்பவர் யார் என்று கேளுங்கள்

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் படியை மட்டுமாவது செய்யுங்கள். கதையை யார், எங்கே நின்று பார்த்துச் சொல்கிறார் என்பதே நோக்குநிலை. கதைசொல்லி வேறு, எழுத்தாளர் வேறு. "நான்" என்று சொல்லும் தன்மை நிலைக் கதையிலும் அந்த "நான்" புனையப்பட்ட ஒருவரே. படர்க்கையில் சொல்லும்போது, கதைசொல்லி எல்லா மனங்களுக்குள்ளும் புகலாம், ஒரே ஒரு மனத்துக்குள் மட்டும் புகலாம், அல்லது எவர் மனத்துக்குள்ளும் புகாமல் வெளியே நின்று பார்க்கலாம்.

நம் கதை மூன்றாம் வகையைச் சேர்ந்தது. தங்கை என்ன நினைத்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. அவளே கதையைச் சொல்லியிருந்தால் "அப்பா என்னை அளப்பதை நிறுத்திவிட்டார்" என்ற மனக்குறை முதல் வரியிலேயே வெளிப்பட்டு, பென்சிலை நீட்டும் செயல் வெறும் விளக்கமாகச் சுருங்கியிருக்கும். அண்ணன் சொல்லியிருந்தால் குறை அவளுடைய குறும்பின் மேல் விழுந்திருக்கும். அப்போது அவன் சொல்வதை நாம் முழுமையாக நம்பமுடியாது. இத்தகையவரையே நம்பத்தகாத கதைசொல்லி என்பார்கள்.

படி 5: பொருள்களையும் பேச்சையும் மறுபடி பாருங்கள்

கதையில் வரும் பொருளெல்லாம் குறியீடு ஆகிவிடாது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: அந்தப் பொருளை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்தால் கதை குலைகிறதா? சாமான் கட்டும் கயிற்றை நீக்கினால் ஒன்றும் ஆகாது. கோடுகளை நீக்கினால் கதையே இல்லை. ஆகவே அவை உயரத்தை மட்டுமன்றி, பெற்ற கவனத்தையும் குறிக்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

ஒன்று தோன்ற, உண்மை அதற்கு மாறாக இருப்பது முரண்நகை. அது மூன்று வகைப்படும்: சொல்லுக்கும் கருத்துக்கும் இடையில் எழுவது, எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் இடையில் எழுவது, மாந்தர் அறியாததை வாசகர் அறிந்திருப்பதால் எழுவது. நிற்கவே மாட்டாள் என்று சொல்லப்பட்டவள் அசையாமல் நிற்பது இரண்டாம் வகை.

படி 6: மையக்கருத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்

"குடும்பம்" என்று எழுதினால் அது பேசுபொருள் மட்டுமே. "குழந்தைப் பருவத்தில் கிடைக்காத கவனத்தை, வளர்ந்த பிறகும் ஒருவர் கேட்டுப் பெற விரும்புகிறார்" என்பது மையக்கருத்து. இதைச் சிலர் கருப்பொருள் என்று எழுதுகிறார்கள். அகப்பொருள் இலக்கணத்தில் அச்சொல் நிலத்துக்குரிய தெய்வம், மரம், விலங்கு முதலியவற்றைக் குறிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க நான் பயன்படுத்துவதில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்துக்குக் கதையின் கடைசி வரி ஆதாரம் தராவிட்டால் திருத்தி எழுதுங்கள்.

பயிற்சிக்கு, இதே குறுங்கதையை அண்ணனின் "நான்" கூற்றாக ஏழெட்டு வரிகளில் மாற்றி எழுதிப் பாருங்கள். பென்சிலை வாங்கிக்கொண்ட பிறகு அவன் கோடு போடுகிறானா இல்லையா என்பதை முடிவு செய்யவேண்டிய இடத்தில் உங்கள் கை தயங்கும். தயங்கிய அந்த வரிக்கு அருகில் காரணத்தைக் குறித்து வையுங்கள்.