எலுமிச்சையை முகத்தில் தேய்க்காதீர்கள்: பருவுக்கு மூலிகை பூசுகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளியல் பொடியும் முகப்பூச்சும் தயாரிக்கச் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பருவோடு வருகிறார்கள், மீதிப்பேர் பரு போன இடத்தில் கறுப்போடு. இதுவரை என்ன போட்டீர்கள் என்று கேட்டால், கல்லூரி நாளில் நான் என் முகத்தில் செய்து பார்த்த அதே கூத்துகள்தான் வரிசையாக வரும். அன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், இன்று ரீல்ஸ் சொல்கிறது. பருவைக் கிள்ளாதீர்கள், தலையணை உறையை மாற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் அரைக்க உட்காருவது

முகத்தில் பொரிந்ததெல்லாம் பரு அல்ல. நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாகப் பொரிந்து அரிக்கவும் செய்தால், மயிர்க்காலில் மலசீசியா என்ற பூஞ்சை பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் ஏதாவது தைலம் பூசினால் அதற்கு விருந்து வைத்த கணக்குத்தான். தாடையோரம் ஆழமாக, தொட்டால் வலிக்கிற கட்டியாக மாதாமாதம் வருகிறது, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "சூட்டுக் கட்டி, சந்தனம் போட்டால் அடங்கிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அடங்காது. உள்ளே ஹார்மோன் செய்கிற வேலைக்கு வெளியே பூசுகிற சந்தனம் என்ன செய்யும்?

வெண்முள், கரும்புள்ளி, அங்கங்கே நாலைந்து சிவந்த பரு, எண்ணெய் வழிகிற முகம். மூலிகைப் பூச்சு கொஞ்சம் கைகொடுப்பது இவற்றுக்குத்தான்.

## மூன்று நாளில் தீர்ப்பு எழுதுவது

இன்று மேலே வந்த பரு, தோலுக்கடியில் அடைப்பாகத் தொடங்கிப் பல வாரம் ஆகியிருக்கும். எதைப் போட்டாலும் ஆறு முதல் எட்டு வாரம் பார்க்க வேண்டும். நாளுக்கொரு பொடி மாற்றுகிறவர்களுக்கு எது கேட்டது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

## எலுமிச்சை

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை. வகுப்பில் முதல் அரைமணி நேரமே இதற்குத்தான் போகிறது. கடலை மாவா, எலுமிச்சை. தேனா, எலுமிச்சை. கஸ்தூரி மஞ்சளா, அதிலும் நாலு சொட்டு எலுமிச்சை. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதுகிற மாதிரி எல்லா முகப்பூச்சுக் குறிப்பிலும் இதை எழுதிவிடுகிறார்கள்.

ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால் "வைட்டமின் சி மேடம், கறுப்பு போகும்" என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 100 மில்லி சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம்தான். அதாவது அதிகம் போனால் 0.05 சதவீதம். கடையில் விற்கும் வைட்டமின் சி சீரத்தில் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். சாற்றில் நிறைய இருப்பது சிட்ரிக் அமிலம், ஏறக்குறைய 5 சதவீதம். அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். சாற்றுக்கு 2க்குக் கொஞ்சம் மேலே. நம் தோலின் பி.எச். 5க்குப் பக்கத்தில். பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தோல் தாங்குவதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு புளிப்பான ஒன்றை, அதுவும் பரு உடைந்து புண்ணாக இருக்கிற இடத்தில் தேய்க்கிறோம் என்பது புரியும். சுரீர் என்று எரியும். "எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்.

எரிச்சலோடு போனால்கூடப் பரவாயில்லை. எலுமிச்சையில், குறிப்பாகப் பழத்தின் தோலில் இருக்கும் எண்ணெயில், ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை ஒன்றும் செய்யாது. வெயிலில் இருக்கும் புற ஊதா ஏ கதிர் பட்டதும் அவை தோலின் செல்களைச் சுட்டுவிடும். இதற்கு ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்று பெயர். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பெரிய மஞ்சள் பழம் வேறு இனம். நம் சந்தையில் விற்கிற சின்ன எலுமிச்சையில்தான் இந்தச் சரக்கு அதிகம். நாமோ சாற்றைப் பிழிந்துவிட்டு, மூடியை வீணாக்கக் கூடாதென்று அதைக் கவிழ்த்து, சர்க்கரையில் தொட்டு மூக்கிலும் கன்னத்திலும் தேய்க்கிறோம். மூடியை மடக்கி அழுத்தும்போது கண்ணில் சுருக்கென்று தெறிக்குமே, அந்த எண்ணெய்தான் இது.

ஒரு மாணவி வந்தாள். வாயோரத்திலிருந்து மோவாய் வழியாகக் கழுத்து வரைக்கும் விரல் அகலத்தில் ஒரு பழுப்புக் கோடு. கீழே போகப் போகக் கோடு மெலிந்து, காறை எலும்புக்கு மேலே ஒரு சொட்டு வடிவில் முடிந்திருந்தது. பருத் தழும்பு இப்படிக் கோடு போட்டு வழியாது. நிற்க வைத்து விசாரித்தேன். காலையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துவிட்டு, காய்கிற வரைக்கும் மொட்டை மாடியில் துணி உலர்த்தியிருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிவந்து எரிந்திருக்கிறது. "வெயில் சூடு" என்று அவள் அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சிவப்பு அடங்கியதும் கறுத்துவிட்டது. கறுப்புக்கு என்ன போட்டாய் என்றேன். எலுமிச்சை என்றாள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கெடுதல் உடனே தெரிவதில்லை. பூசிய அன்று முகம் பளிச்சென்றுகூட இருக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். அதற்குள் எலுமிச்சையை மறந்திருப்பார்கள். பிறகு வரும் கறுப்பை நீக்க மறுபடியும் அதையே பூசுவார்கள். நம் நிறத்துத் தோலில் இந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். பரு தானாக ஆறியிருந்தால் இருந்திருக்கும் புள்ளியைவிட இது பெரிது, ஆழம். வீட்டுக்குள்ளேதான் இருந்தேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. புற ஊதா ஏ ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும்.

தெரியாமல் பூசிவிட்டீர்களா? சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். இரண்டு மூன்று நாள் முகத்தில் வெயில் படாமல் பாருங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கறுத்துவிட்டதென்றால் சன்ஸ்கிரீனும் பொறுமையும்தான். பொடி குழைக்கப் புளிப்பு வேண்டுமென்று நாக்கு ஊறுகிறவர்கள் புளிக்காத தயிர் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெறும் தண்ணீர் போதும், கேவலம் ஒன்றுமில்லை.

## கார்போகரிசி போட்ட பொடியோடு வெயிலில் இறங்குவது

எலுமிச்சைக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். நலங்கு மாவுப் பட்டியலில் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேரோடு கார்போகரிசியும் சேரும். கறுப்பு நிறத்தில் சின்ன விதை. அதில் இருக்கும் சோராலென் அதே ஃபியூரோகூமரின் குடும்பம். தோல் நிறமிழந்து திட்டுத்திட்டாக வெளுக்கும் வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயில் காட்டுவது பழைய வைத்தியம். தோலைக் கறுக்க வைக்கத்தான் அங்கே பயன்படுத்துகிறார்கள். கறுப்பு போக வேண்டும் என்று நீங்கள் பூசுகிற பொடியில் அதற்கு என்ன வேலை? மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் நின்று "குளியல் பொடிச் சாமான் ஒரு செட்" என்று கேட்டால் சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். முகத்துக்கென்று சொல்லி, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

## சலிக்காத பொடி

மில்லில் அரைத்து வந்த பொடியை அப்படியே டப்பாவில் கொட்டி வைக்கிறார்கள். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் நீர்விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நரநரவென்று நார் தட்டும். வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் எத்தனை அரைத்தாலும் நார் விடும். அந்த நாரைச் சிவந்த பருவின் மேல் வட்டவட்டமாகத் தேய்த்தால் பரு உடைந்து, உள்ளே இருப்பது பக்கத்துத் துளைக்குள் இறங்கும். சித்த மருத்துவத்தில் சூரணத்தை வஸ்திரகாயம் செய்யச் சொல்வது சும்மா அல்ல. கிண்ணத்தின் வாயில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி, பொடியைப் போட்டு விரலால் வழித்தால் மாவு மட்டும் கீழே இறங்கும். மேலே நிற்பதைக் கை காலுக்கு வைத்துக்கொள்ளலாம். சலித்த பிறகும் தேய்க்க வேண்டாம், பூசிக் கழுவினால் போதும்.

இன்னொன்று. மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

## கற்றாழையின் மஞ்சள் பால்

சோற்றுக்கற்றாழை மடலை வெட்டியதும் அடியில் மஞ்சளாக ஒரு பால் கசியும். அரிப்பையும் சிவப்பையும் தருவது அதுதான். "எனக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளாது" என்கிறவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது ஜெல் அல்ல, இந்தப் பால். மடலை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, பால் முழுக்க வடிந்த பிறகு தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொல்வார்கள் பெரியவர்கள். ஏழோ ஐந்தோ, வழவழப்பும் கசப்பும் குறைகிற வரைக்கும் அலசுங்கள்.

## கஸ்தூரி மஞ்சள் என்று எதையோ வாங்குவது

கிழங்காக வாங்குங்கள். உடைத்தால் உள்ளே வெளிர் மஞ்சள், கற்பூர வாசனை. துண்டெல்லாம் மஞ்சளாகக் கறை பிடித்தால் உங்களுக்குக் கிடைத்தது சாம்பார் மஞ்சள்.

## பூண்டு, பட்டை, ஜாதிக்காய்

மூன்றும் சமையலறையிலேயே இருக்கட்டும். பச்சைப் பூண்டைத் தட்டிப் பரு மேல் வைத்துப் படுத்தால் காலையில் தீப்புண்.

## பன்னீர்

பூஜைக் கடைப் பன்னீர் கல்யாணத்தில் தெளிக்க, முகத்தில் பூச அல்ல.

## தேயிலை மர எண்ணெயை நேராக வைப்பது

மூலிகைகளில் பருவுக்கு வேலை செய்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியது இது. நாம் குடிக்கிற தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆஸ்திரேலிய மரம். 1990இல் அங்கே 124 பேரை வைத்து நடந்த ஆய்வில், 5 சதவீத தேயிலை மர எண்ணெய் ஜெல், பருவுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடைப் போலவே பருவைக் குறைத்தது. மெதுவாகத்தான் கேட்டது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. சோதித்தது 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் குப்பியில் இருப்பது முழு எண்ணெய். ஒரு டீஸ்பூன் கற்றாழை ஜெல்லில் நாலைந்து சொட்டு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயில் கலக்காதீர்கள். பரு வருகிற முகத்தில் அது துளையை அடைக்கும். குளியலறை ஜன்னலில் மூடி சரியாக மூடாமல் வருடக்கணக்கில் கிடந்த குப்பியாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய்தான் அலர்ஜியைக் கிளப்பும். புதிதாக எதைப் போடுவதானாலும் முழங்கையின் உள்மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

## லேபிள் இல்லாத "ஹெர்பல் கிரீம்"

வெள்ளை டப்பா, பெயரில்லை, தேதியில்லை. "எங்க பாட்டி ஃபார்முலா." மூன்றே நாளில் பரு வற்றி முகம் வெளுக்கிறதா? எந்த இலைக்கும் அந்த வேகம் கிடையாது. உள்ளே பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் பரு திரும்பும். தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும். சிலருக்குக் கன்னத்தில் முடி முளைக்கும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். பாதரசம் இன்னும் மோசம். 2023இல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்தபோது, பலர் பூசிக்கொண்டிருந்தது பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் என்று தெரிந்தது. பரு போக்க வந்தவருக்கு டயாலிசிஸ் வார்டு வரைக்கும் வழி காட்டக்கூடிய டப்பா அது.

## மருத்துவர் தந்த ஜெல்லும் கூடவே நம் பொடியும்

அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போடுகிற நாட்களில் முல்தானி மெட்டி, வேப்பிலை, கடலை மாவு எதுவும் வேண்டாம். முகம் உரிந்து எரியும். கடைசியில் மருத்துவர் மேல் பழி போடுவீர்கள்.

## குழி விழுந்த தழும்பு

எந்த மூலிகையும் நிரப்பாது. என்னுடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.