நெரிசல் கட்டணம்: எதை முதலில் செய்வது?

நெரிசலைக் குறைக்க நகரச் சாலைகளில் வண்டிகளிடம் வாங்கும் கட்டணம் இது. பேருந்துகளைக் கூட்டிய பிறகே வசூலைத் தொடங்குங்கள். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகள் ஓடின. கட்டணம் 2006 ஜனவரியில்தான் வந்தது. ஏழு மாதச் சோதனையில், கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பலனைக் கண்ணால் பார்த்த பிறகு நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் ஆதரித்தார்கள். சுற்றுப்புற நகராட்சிகள் பலவற்றில் எதிர்ப்புதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ 2005இல் சோதனையே இல்லாமல் மக்களிடம் கேட்டது, படுதோல்வி.

அடுத்து விலை. லண்டன் 2003இல் வைத்ததுபோல நாளுக்கு ஒரே தொகை (அப்போது 5 பவுண்டு) என்றால் எளிதில் புரியும். ஆனால் ஒருமுறை கட்டியவருக்கு உச்ச நேரத்தைத் தவிர்க்கக் காரணமே இல்லை. சிங்கப்பூர் வழி மேல்: சாலையில் கட்டணம் பிடிக்கும் வாயிலுக்கு வாயில், அரை மணிக்கு அரை மணி விலை மாறும். அளவுகோல் வேகம். விரைவுச்சாலையில் மணிக்கு 45–65 கி.மீ., மற்ற முக்கியச் சாலைகளில் 20–30. வேகம் இதற்குக் கீழே போனால் விலையை ஏற்றுங்கள். மேலே போனால் கட்டாயம் குறையுங்கள், இல்லையேல் 'இதுவும் ஒரு வரிதான்' என்பவர்கள் சொல்வதே சரியாகிவிடும்.

விலை சட்டென்று மாறும் நிமிடத்தில் ஓட்டுநர்கள் வாயிலுக்கு முன் ஊர்வார்கள், அல்லது வண்டியை விரட்டுவார்கள். இடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடுவிலை வையுங்கள். சிங்கப்பூர் 2003இல் அப்படித்தான் சமாளித்தது.