ஆண்ட்ராய்டு போனில் ஐமெசேஜ் வரவழைப்பது எப்படி

ஆப்பிள் சாதனங்களுக்குள் இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் ஐமெசேஜ், 2011ல் ஐபோனின் ஐஓஎஸ் 5 கூடவே வந்தது. இத்தனை வருடத்தில் ஆப்பிள் அதை ஆண்ட்ராய்டுக்குத் தரவே இல்லை, இனி தரும் என்று நம்பிக் காத்திருப்பதும் வீண். அதனால் இருக்கும் ஒரே வழி வேறு யாராவது எழுதிய செயலிதான். எந்தச் செயலியை எடுப்பதற்கு முன்னாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: என் ஆப்பிள் கணக்கு யாருடைய கணினியில் உள்நுழைந்திருக்கும்?

2023 நவம்பரில் நத்திங் போன் நிறுவனத்தின் நத்திங் சாட்ஸ் செயலி வந்தது நினைவிருக்கலாம். சன்பேர்ட் என்ற நிறுவனத்தின் சேவையை வைத்துச் செய்தது. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை அவர்களிடம் கொடுக்க வேண்டும், அவர்களுடைய மேக்கில் (ஆப்பிள் கணினியில்) உங்கள் கணக்கு ஓடும். செய்திகள் சரியாகப் பூட்டப்படாமல் கிடக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியதும், வந்த மறுநாளே பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பீப்பர் மினி வந்தது. அது மேக்கே இல்லாமல் போனிலிருந்து நேராக ஆப்பிள் சர்வரோடு பேசியது, உண்மையிலேயே கெட்டிக்கார வேலை. டிசம்பர் 5 வெளியீடு, 8ஆம் தேதி ஆப்பிள் கதவைச் சாத்தியது. இரண்டும் போய்விட்டன. உங்கள் சொந்த மேக்கில் ஓடி, அதில் வரும் செய்திகளைப் போனுக்கு அனுப்பும் வகை இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அதில் நான் சொல்லப்போவது ப்ளூபபிள்ஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

பழைய மேக் போதும், ஆனால் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அதிலுள்ள மெசேஜஸ் செயலியில் ஆப்பிள் கணக்கைப் போட்டு, யாருக்காவது ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அங்கே போகாத செய்தி ஆண்ட்ராய்டிலிருந்தும் போகாது, எனவே இது சரியாகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இன்னொன்று, உங்கள் போன் நம்பரில் ஐமெசேஜ் வர வேண்டுமென்றால் அந்த சிம் ஒரு ஐபோனில் இருக்க வேண்டும். ஐபோனே இல்லாதவருக்கு மின்னஞ்சல் முகவரிதான் ஐமெசேஜ் முகவரி, நண்பர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரிடமிருந்தோ வருகிறதே என்று குழம்புவார்கள்.

சரி, இப்போது ப்ளூபபிள்ஸ் சர்வரை அவர்களுடைய அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி மேக்கில் போடுங்கள். திறந்ததும் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ், அதாவது மேக்கிலுள்ள கோப்புகளைப் படிக்கும் முழு அனுமதி, கேட்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது: மேக் உங்கள் செய்திகளை எல்லாம் ஒரே டேட்டாபேஸ் கோப்பில் சேர்த்து வைக்கிறது, சர்வர் அந்தக் கோப்பைப் படித்துத்தான் புதிய செய்தி வந்ததைத் தெரிந்துகொள்கிறது. அனுமதி கொடுத்த பிறகு சர்வரை ஒருமுறை மூடித் திறங்கள். அப்புறம் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். போனுக்கு நோட்டிஃபிகேஷன் தள்ளுவதற்கு கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் உங்கள் பெயரிலேயே ஒரு ப்ராஜெக்ட் உருவாக்கிக்கொள்ளும். சர்வருக்கு நீளமான ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள், ஏனென்றால் உங்கள் மொத்தச் செய்திகளுக்கும் அதுதான் சாவி. வெளியிலிருந்து மேக்கை எட்டுவதற்கு கிளவுட்ஃப்ளேர் டன்னலை (மேக்குக்கு இணையத்தில் ஒரு முகவரி தரும் சேவை) தேர்ந்தெடுத்தால் ரவுட்டர் பக்கம் போகவே வேண்டாம். சர்வரைத் திரும்ப ஓட்டும்போதெல்லாம் அந்த முகவரி மாறும், கவலை இல்லை, புது முகவரி ஃபயர்பேஸ் வழியாகப் போனுக்குத் தானாகவே போய்ச் சேரும்.

ஆண்ட்ராய்டில் வேலை குறைவு. செயலியைப் போட்டு, அதே கூகுள் கணக்கில் நுழைந்தோ சர்வர் காட்டும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ இணைத்தால் பழைய உரையாடல்கள் வந்து இறங்கும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும்கூட இதே செயலி இருக்கிறது.

இணைத்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மேக் தூங்கிப்போவதால் வருபவை. சர்வர் அமைப்புகளில் மேக்கை விழித்திருக்க வைக்கும் ஆப்ஷனைப் போடுங்கள், உள்நுழைந்ததும் சர்வர் தானாகத் தொடங்குவதையும் போடுங்கள். மேக்புக் என்றால் மூடியை மூடாதீர்கள். மின்சாரம் போய் வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் ஃபைல்வால்ட் இயங்கும் மேக், மறுபடி தொடங்கும்போது பாஸ்வேர்ட் கேட்டு அப்படியே நின்றுவிடும், நீங்கள் வெளியூரில் இருந்தால் அவ்வளவுதான், திரும்பி வரும் வரை ஒரு செய்தியும் வராது.

டைப் செய்வது தெரிவது, செய்திக்கு இதயம் போடுவது, அனுப்பியதைத் திருத்துவது இதெல்லாம் வேண்டுமென்றால் ப்ரைவேட் ஏபிஐ என்ற பகுதியை இயக்க வேண்டும். அதற்கு, சிஸ்டம் கோப்புகளை யாரும் மாற்றாமல் காக்கும் மேக்கின் எஸ்ஐபி பாதுகாப்பை ரிக்கவரி மோடில் போய் அணைக்கச் சொல்வார்கள். இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பழைய மேக் என்றால் செய்யுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே மேக்கில் ஒரு இதயக் குறிக்காக இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவும் தேவையா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18ல் எஸ்எம்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் இருக்கிறது. இரு பக்கமும் நெட்வொர்க் ஆதரித்தால் நல்ல தரத்தில் படம், படித்ததற்கான குறி, டைப் செய்வது தெரிவது எல்லாம் சாதாரண மெசேஜ் செயலியிலேயே கிடைக்கும். ஐபோன்காரர் திரையில் செய்திக் குமிழி ஐமெசேஜின் நீலமாக இல்லாமல் பச்சையாகவே இருக்கும், அது பரவாயில்லை என்றால் மேக் வேண்டாம்.

பின்னால் ஒருநாள் இந்த ஏற்பாட்டையே கலைப்பதாக இருந்தால் மேக்கை அணைத்ததோடு விடாதீர்கள். மெசேஜஸ் செயலியில் ஐமெசேஜிலிருந்து வெளியேறுங்கள். நம்பரையும் சேர்த்திருந்து, இனி ஐபோனும் கிடையாது என்றால், ஆப்பிள் தளத்தில் ஐமெசேஜ் பதிவை நீக்கும் பக்கத்துக்குப் போய் அந்த நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைப் போட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐபோன்காரர்கள் அனுப்புவது ஐமெசேஜாகவே போய், உங்கள் ஆண்ட்ராய்டுக்கு வராமலே நின்றுவிடும்.