‘அதே மாத்திரை ஒரு அட்டை கொடுங்க’: நாள்பட்ட வலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் சித்தப்பா அந்த வரிசையில் இருபது வருஷம் உட்கார்ந்து கிடந்தவர். துறைமுக கேட்டுக்குள் வண்டி நுழைய சில நாள் ஆறு மணி நேரம், சில நாள் ராத்திரி முழுக்க. 48 வயதில் இடுப்பில் ஜவ்வு விலகி, இடது கால் கெண்டைச்சதை வரைக்கும் இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் பத்து நாளைக்கு டிரமடால் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் இரண்டரை வருஷம் ஓடியது.

இதில் யாரும் போதைக்கு ஆசைப்படவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்குப் போய் ‘அதே மாத்திரை ஒரு அட்டை’ என்று கேட்டார், கொடுத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் சீட்டும் கிழிந்துபோனது. காலி அட்டையைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது.

முதல் தவறு அந்த அட்டையைத் திருப்பிப் பார்க்காதது. நமக்கு எல்லாமே ‘வலி மாத்திரை’. ஆனால் பாராசிட்டமால் ஒரு ஜாதி, டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் மாதிரி வீக்கத்தைக் குறைப்பவை இன்னொரு ஜாதி, டிரமடால், டபென்டடால், கோடீன், மார்ஃபின் எல்லாம் ஓபியாய்டு என்ற மூன்றாவது ஜாதி. இந்த மூன்றாவதுதான் மூளையில் வலியை உணரும் இடத்திலேயே போய் வேலை செய்வது, பழக்கமாகக்கூடியதும் இதுதான். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். டிரமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை ரொம்ப சகஜம். அதைப் போட்டுக்கொண்டே காய்ச்சலுக்குத் தனியாக பாராசிட்டமாலும் போட்டால், தெரியாமலே கல்லீரலுக்குச் சுமை ஏற்றுகிறோம். அட்டையிலிருந்து பிய்த்து, காகிதப் பொட்டலத்தில் நாலு மாத்திரை ‘செட்’ போட்டுத் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பெயர் தெரியாத மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள்.

கடையில் சும்மா கிடைப்பதால் அது சாதாரண மாத்திரை என்று நினைப்பது அடுத்தது. டிரமடால் 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கடைக்காரர் எதையும் எழுதாமல் எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

‘இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?’ என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்காமல் எழுந்து வருவதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறு என்று நான் சொல்வேன். ஆபரேஷன் வலிக்கோ எலும்பு முறிவுக்கோ சில நாள் இந்த மாத்திரை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதத்தைத் தாண்டிய வலி வேறு கதை. முதுகுவலி, இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ள 240 பேரை அமெரிக்காவில் ஒரு வருஷம் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஓபியாய்டு எடுத்தவர்களின் நடமாட்டம் மற்ற மாத்திரை எடுத்தவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை, பக்கவிளைவுதான் அதிகம். ஆக, பழக்கமாகும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நாம் வாங்குவது கூடுதலான நிவாரணம்கூட இல்லை.

சரி, சித்தப்பா கதைக்கு வருகிறேன். ஒரு பொங்கலுக்குக் கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார், டின்னில் மாத்திரையும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் காலையில் அவருக்குக் கொட்டாவி, ஒன்றல்ல, விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது, வயிற்றுப்போக்கு, உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. சளி பிடித்துவிட்டது என்று சித்தி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மூலக்கடைப் பக்கம் எங்கேயோ அலைந்து ஒரு அட்டை வாங்கி வந்து போட்டதும், கொஞ்ச நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்து கரும்பு கடித்தார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொன்னோம்: பாருங்க, மாத்திரை இல்லாம இவருக்கு முடியாது.

அந்தத் தீர்ப்புதான் தப்பு. அது ஜவ்வு வலியும் இல்லை, சளியும் இல்லை. தினமும் வந்துகொண்டிருந்த மருந்து திடீரென்று நின்றதும் உடம்பு போட்ட கூச்சல். வலி கூடியிருக்கிறது, அதனால் மாத்திரை தேவை என்று நினைக்கிறோம். மாத்திரை நின்றதால்தான் வலி கூடியிருக்கிறது. சிலருக்கு நீண்ட நாள் எடுத்தபின் இந்த மருந்தே வலியை முன்பைவிடக் கூர்மையாக உணரவும் வைத்துவிடும். இதில் ஒழுக்கக் குறைவு ஒன்றும் கிடையாது. தொடர்ந்து எடுத்தால் யார் உடம்பும் இப்படிப் பழகும்.

இதை உணர்ந்த பிறகு பலர் செய்வது இன்னொரு தவறு: ‘கார்த்திகையில் மாலை போடுகிறேன், அன்றோடு நிறுத்திவிடுகிறேன்’ என்று சபதம். சபதத்துக்கு மரியாதை, ஆனால் பல மாதம் எடுத்ததை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தபடிதான் குறைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம், அதற்கும் மெதுவாகக்கூடக் குறைக்கலாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். நீங்களாகவே மாத்திரையைப் பாதியாக உடைக்கவும் வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும்.

குவார்ட்டர் அடித்துவிட்டு இந்த மாத்திரை, தூக்க மாத்திரையோடு இந்த மாத்திரை: இரண்டுமே மூச்சை மந்தமாக்கித் தூக்கத்திலேயே உயிரை எடுக்கக்கூடியவை. டிரமடால் வலிப்பும் வரவழைக்கும். மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் விடவே கூடாது.

ஓபியாய்டுக்குப் பயந்து தினமும் டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்பவர்களும் நம் பக்கம் நிறைய. அது பழக்கமாகாது, வாஸ்தவம்தான். சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

வடசென்னையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை வெளியே யாரும் பேசுவதில்லை. ‘மாத்திரை போடுறவன்’ என்றாலே இங்கே வேறு அர்த்தம். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பையன்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. அந்தப் பெயர் தனக்கும் வந்துவிடுமோ என்ற வெட்கத்தில், ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறோம் என்று சித்தப்பா டாக்டரிடம் பொய் சொன்னார். ஆறு போட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு என்றார். இரண்டுக்குக் கணக்குப் போட்டால் குறைக்கும் திட்டம் எப்படி நிற்கும்? எண்ணிக்கையை உள்ளபடி சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற கட்டணமில்லாத போதை மீட்பு எண் இருக்கிறது, மனநல ஆலோசனைக்கு 14416. மிச்ச மாத்திரையைப் பூட்டி வையுங்கள், பக்கத்து வீட்டு ஆயாவின் முட்டிவலிக்குக் கொடுக்காதீர்கள்.

புற்றுநோய் வலி இந்தக் கணக்கில் வராது. அங்கே பயந்துகொண்டு மார்ஃபினைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள்.

அப்போ வலிக்கு என்னதான் செய்வது? கட்டிலில் கிடப்பதை முதலில் விட வேண்டும். அசையாத முதுகு இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். ஆனால் வலி குறைந்த நாளில் மொத்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பதும் கூடாது. காசிமேட்டில் கூடை சுமக்கும் அம்மாக்கள் இதைத்தான் செய்கிறார்கள். நல்ல நாளோ கெட்ட நாளோ, அளந்து ஒரே அளவு. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். கால் எரிச்சல், மரமரப்பு போன்ற நரம்பு வலிக்கு வேறு ரக மருந்துகள் உண்டு, அதையும் கேளுங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ இது எதையும் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சித்தப்பாவுக்குக் குறைத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. மழைக்காலத்தில் இடது கால் இன்னும் இழுக்கிறது. டிரெய்லரை விட்டுவிட்டு, மணலியில் ஒரு யார்டில் டோக்கன் போடும் வேலை பார்க்கிறார். அரை மணிக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும், எழுந்து கேட் வரைக்கும் நடந்துவிட்டு வந்து உட்காருவார். யார்டு பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். ‘அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்டா’ என்கிறார்.