எம்கேஎஃப்எஸ்-இல் பக் என்று தோன்றினால் எங்கிருந்து தேடுவது

லினக்ஸ் ஓடும் சின்ன போர்டுகளுக்கு எஸ்டி கார்டு இமேஜ் தயாரிப்பது என் அன்றாட வேலை. அதில் அடிக்கடி வரும் புகார் இது: புதிய லேப்டாப்பில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டம்) ஃபார்மட் போட்ட கார்டைப் பழைய போர்டில் செருகினால் மவுண்ட் ஆகிறது, ஃபைல்களைப் படிக்கலாம், எழுதலாம். ஆனால் பூட் ஆகும்போது ஃபைல்சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்செக் கருவி மட்டும் "ஃபீச்சர் சி12 எனக்குத் தெரியாது, புதிய எஃப்எஸ்செக்கை எடுத்துக்கொள்" என்று சொல்லி நின்றுவிடும். ஃபார்மட் போடும் கருவியான எம்கேஎஃப்எஸ்-இல்தான் ஏதோ கோளாறு என்று பலரும் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். எழுதிய கருவி, எழுதப்பட்ட டிஸ்க், அதைப் படிக்கும் கருவி ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

முதலில், கெட்டுப்போனதாகத் தோன்றும் கார்டை மறுபடி ஃபார்மட் போடாதீர்கள். தடயம் அதில்தான் இருக்கிறது. டிடி கமாண்டால் முழுசாக ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து, டிஸ்கை ஆட்டத்திலிருந்து விலக்குங்கள். எம்கேஎஃப்எஸ்-க்கு நிஜ டிஸ்க் தேவையே இல்லை, சாதாரண ஃபைல் போதும். ட்ரன்கேட் கமாண்டால் 64 எம்பி அளவில் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி, அதன்மேல் அதே ஆப்ஷன்களோடு எம்கேஎஃப்எஸ்-ஐ ஓட்டுங்கள். ரூட் அனுமதிகூட வேண்டாம். ஃபைலிலும் அதே கோளாறு வந்தால் சந்தேகம் கருவி மேலும் அதன் அமைப்புகள் மேலும் விழும். ஃபைலில் வராமல் கார்டில் மட்டும் வந்தால் கார்டு, ரீடர், கர்னல் பக்கம் திரும்ப வேண்டும். அப்போது டிஸ்கார்டை (ஃபார்மட்டுக்கு முன் பழைய பிளாக்குகளை விடுவிக்கச் சொல்லும் கட்டளை) நிறுத்தும் ஆப்ஷனோடு ஒருமுறை முயன்று பாருங்கள். அப்புறம் நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் வைத்து எந்த ரைட் தோற்றது என்று பாருங்கள். "சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது" என்று மறுத்தால் பெரும்பாலும் டிஸ்குகளை இணைத்துக் கையாளும் ரெய்டு அல்லது டிவைஸ் மேப்பர் அந்த டிஸ்கைப் பிடித்துவைத்திருக்கும். சிஸ் டைரக்டரியில் அந்த டிஸ்குக்குக் கீழே உள்ள ஹோல்டர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ட்4-க்கான எம்கேஎஃப்எஸ்-இல் சின்ன 'என்' ஆப்ஷன் கொடுத்தால் எதையும் எழுதாமல் என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டும். எக்ஸ்எஃப்எஸ்-இல் இதற்குப் பெரிய 'என்'. ஃபேட் கருவியிலோ சின்ன 'என்' என்பது வால்யூமுக்குப் பெயர் வைக்கும் ஆப்ஷன், டிஸ்க் நிஜமாகவே ஃபார்மட் ஆகிவிடும். கை பழக்கத்தில் அடிக்காதீர்கள்.

சரி, சி12-க்கு வருவோம். டம்ப்இ2எஃப்எஸ் கமாண்டைச் சின்ன 'ஹெச்' ஆப்ஷனோடு ஓட்டினால் சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் தலைப்புக் குறிப்பு) விவரம் மட்டும் வரும். அதில் ஃபீச்சர்கள் என்ற ஒற்றை வரிதான் நமக்கு வேண்டியது. பழைய மெஷினில் உருவாக்கிய ஃபைலுக்கும் புதிய மெஷினில் உருவாக்கிய ஃபைலுக்கும் இந்த வரியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதியதில் ஆர்ஃபன் ஃபைல், மெட்டாடேட்டா செக்சம் சீட் என்று இரண்டு பெயர்கள் கூடுதலாக இருக்கும். எக்ஸ்ட்4-க்கான எம்கேஎஃப்எஸ், எஃப்எஸ்செக் எல்லாம் அடங்கிய தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸின் 2023 பிப்ரவரியில் வந்த 1.47.0 பதிப்பு இந்த இரண்டையும் எக்ஸ்ட்4-க்குத் தானாகவே சேர்க்க ஆரம்பித்தது.

சி12-இல் உள்ள 'சி' என்பது கம்பேட்டிபிள் வகை, 12 என்பது பிட்டின் எண். அந்த பிட்தான் ஆர்ஃபன் ஃபைல். எக்ஸ்ட்4 ஃபீச்சர்கள் மூன்று வகை. தெரியாத கம்பேட்டிபிள் ஃபீச்சர் இருந்தால் கர்னல் கண்டுகொள்ளாமல் மவுண்ட் செய்யும். தெரியாதது ரீட்-ஒன்லி கம்பேட்டிபிள் வகையாக இருந்தால் படிக்க மட்டும் விடும். இன்கம்பேட்டிபிள் வகையாக இருந்தால் மவுண்டே ஆகாது. எஃப்எஸ்செக்குக்கு இந்தத் தாராளம் கிடையாது, தெரியாத பிட் எந்த வகையில் இருந்தாலும் கை வைக்காது. தனக்குப் புரியாத அமைப்பைச் சரிசெய்யப் போய்க் கெடுத்துவிடக் கூடாது அல்லவா? மவுண்ட் ஆகிறது, ஆனால் செக் ஆகவில்லை என்ற முரண் இங்கிருந்துதான் வருகிறது. எம்கேஎஃப்எஸ், கர்னல், எஃப்எஸ்செக் ஆகிய மூன்றும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்திருக்கின்றன.

இன்னொரு ஃபீச்சரான செக்சம் சீட் இன்கம்பேட்டிபிள் வகை. கர்னல் 4.4-லிருந்தே இதைப் புரிந்துகொள்ளும். ஆனால் பழைய க்ரப் பூட்லோடருக்கு இது தெரியாது. "அறியாத ஃபைல்சிஸ்டம்" என்று சொல்லிவிடும். வெளியில் பார்க்க வேறொரு கோளாறு மாதிரி இருக்கும், மூலம் ஒன்றுதான்.

இரண்டு மெஷினிலும் ஒரே பதிப்பு இருந்தும் விளைவு வேறாக இருந்தால் எட்சி டைரக்டரியில் இருக்கும் எம்கேஇ2எஃப்எஸ் கான்ஃப் ஃபைலைப் பாருங்கள். எந்த ஃபீச்சர்கள் தானாகச் சேர வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்கும். டெபியன் 12-இல் இருப்பதும் 1.47.0-தான், ஆனால் பழைய சிஸ்டங்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று இந்த இரண்டு ஃபீச்சர்களையும் இயல்பாகச் சேராதபடி எடுத்துவிட்டார்கள். பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் வழி தவறும்.

தீர்வு சின்னதுதான். பெரிய 'ஓ' ஆப்ஷனில் அந்த இரண்டு பெயர்களுக்கும் முன்னால் கேரட் குறி போட்டு ஃபார்மட் செய்யுங்கள். கார்டில் ஏற்கெனவே டேட்டா இருந்தால், அன்மவுண்ட் செய்துவிட்டு, புதிய மெஷினில் இருக்கும் ட்யூன்2எஃப்எஸ் வைத்து அதே மாதிரி ஆர்ஃபன் ஃபைலை நீக்கலாம். இமேஜ் தயாரிக்கும் ஸ்கிரிப்டில் அதே ஆப்ஷனில் முதலில் 'நன்' (none) என்று போட்டு இயல்பானவற்றை நீக்கிவிட்டு, தேவையான ஃபீச்சர்களை நீங்களே வரிசையாக எழுதிவைப்பது இன்னும் நல்லது. அடுத்த பதிப்பு எதைச் சேர்த்தாலும் உங்கள் போர்டுக்குப் பாதிப்பு வராது.

உண்மையான பக் என்றால் எப்படித் தெரியும்? நம்பகமான சோதனை ஒன்று உண்டு. இப்போதுதான் உருவாக்கிய ஃபைலின் மேல், அதே தொகுப்பில் வந்த எஃப்எஸ்செக்கை முழுச் சோதனையாக, எதையும் திருத்தாத முறையில் ஓட்டுங்கள். புத்தம் புதிய ஃபைல்சிஸ்டத்தில் ஒரு குறைகூட வரக் கூடாது. வந்தால் பக்தான்.

பக் என்று உறுதியானதும் அதைச் சுருக்குங்கள். ஆப்ஷன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது இல்லாவிட்டால் கோளாறு மறைகிறது என்று பிடியுங்கள். பிறகு அளவு. இந்த வகைக் கோளாறுகளை நான் எப்போதும் விளிம்புகளில்தான் தேடுவேன். எக்ஸ்ட்4 டிஸ்கை பிளாக் குரூப் என்ற பகுதிகளாகப் பிரிக்கும்; 4 கேபி பிளாக்கில் ஒரு பிளாக் குரூப் 128 எம்பி. அதனால் 128-க்குச் சற்றுக் கீழே, சரியாக 128, சற்று மேலே என்று மாற்றிப் பாருங்கள். கடைசி குரூப் அரைகுறையாக நிற்கும் இடம் முக்கியம். இன்னொரு விளிம்பு 16 டிபி, பிளாக் எண் 32 பிட்டைத் தாண்டும் இடம். இதற்கு அவ்வளவு பெரிய டிஸ்க் வாங்க வேண்டாம், வெற்று ஃபைலே போதும். ஆனால் எக்ஸ்ட்4-இல் ஒற்றை ஃபைல் 16 டிபியைத் தாண்டாது என்பதால் அந்த ஃபைலை எக்ஸ்எஃப்எஸ் பார்ட்டிஷனில் வையுங்கள்.

இரண்டு பதிப்புகளின் விளைவை பைட் பைட்டாக ஒப்பிட வேண்டுமானால் யூயூஐடியையும் (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) ஹேஷ் சீடையும் (டைரக்டரி ஹேஷுக்கான தொடக்க எண்) நீங்களே கொடுத்து நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து ஒப்பீட்டைக் குழப்பும். கோளாறு இல்லாத பழைய பதிப்பு ஒன்று தெரிந்துவிட்டால் எந்த மாற்றத்தில் கோளாறு நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் மீதி வேலையைச் செய்துவிடும். இ2எஃப்எஸ்ப்ராக்ஸை நிறுவாமலேயே, கம்பைல் செய்த டைரக்டரியிலிருந்து நேராக ஓட்டலாம்.

பராமரிப்பாளர்களுக்கு அனுப்பும்போது முழு கமாண்ட், பதிப்பு எண், ஃபீச்சர் வரி, எஃப்எஸ்செக் சொன்னது எல்லாம் இருக்கட்டும். வெற்று ஃபைலிலேயே கோளாறு வருகிறது என்றால் வேறு எதுவும் தேவையில்லை, அவர்கள் தங்கள் மெஷினில் ஓட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நிஜ டிஸ்கில் மட்டும் வருகிறது என்றால் இ2இமேஜ் வைத்து மெட்டாடேட்டாவை மட்டும் எடுத்து அனுப்புங்கள். அதில் ஃபைல்களின் உள்ளடக்கம் போகாது, ஆனால் பெயர்கள் போகும். வாடிக்கையாளரின் கார்டு என்றால் பெயர்களைக் கலைத்துவிடும் சின்ன 'எஸ்' ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.