பூச்சிமருந்துக்கு ஊர்ப் பொதுக் கிடங்கு அமைப்பது எப்படி

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளையும் கேரட்டும் பயிரிடும் வீடுகளில், பாதி தீர்ந்த பூச்சிமருந்து பாட்டில், மூடியில் சேறு காய்ந்தபடி, அடுப்படி ஜன்னல் திண்டிலேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தற்கொலை எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நின்று தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலையால் இறப்பவர்கள் என்பதால், அங்கே துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே ஒரு பெட்டி வாங்கிப் பூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அப்படிப் பெட்டி கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட ஆய்வு, 2017இல் வெளியானபோது, அதனால் பயன் விளைந்ததாகக் காட்டவில்லை. அதே நாட்டில் கொடிய மருந்துகளைத் தடைசெய்தபின் தற்கொலை வெகுவாகக் குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊர்ப் பொதுக் கிடங்கு வைத்துப் பார்த்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. ஆகவே மருந்து வீட்டை விட்டே வெளியேற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, காற்றோட்டமுள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். மலையின் ஈரம் லேபிளை அரித்துவிடும் என்பதால் தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். குடும்பத்துக்கொரு பூட்டுப்பெட்டி இருக்கட்டும். அறைச் சாவி பொறுப்பாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும். எடுத்ததும் திரும்பியதும் நோட்டில் பதிவாக வேண்டும். மிச்சம் அன்று மாலையே கிடங்குக்கு வந்துவிட வேண்டும்.

பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. ஊரார் மனம்விட்டுப் பேசக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். மழை கொட்டும் நாளில் யாரும் மருந்தடிப்பதில்லை, அன்று ஒருவர் தனியாக வந்து பாட்டில் கேட்டால், அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனநல உதவிக்கான 14416 அல்லது மருத்துவ உதவிக்கான 104 எண்ணை அவரோடு சேர்ந்தே அழையுங்கள். துணை வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.

யாரேனும் மருந்தைக் குடித்துவிட்டதாகத் தெரிந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வளைவுச் சாலையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உடனே 108ஐ அழைத்து, லேபிளோடு அந்த பாட்டிலையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.